ஊரில் தனித்திருக்கும் தாயாருக்குத் துணை

கேள்வி: பட்டுக்கோட்டை அருகே சிற்றூரில் தனித்து வாழும் என் தாயாரைப் பராமரிக்க ஆள் கிடைக்கவில்லை, என்ன செய்வது? (வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்)

பதில்: இளையோர் நகரங்களுக்கும் நம்மைப் போல் கடல் கடந்தும் சென்றுவிட்டதால், ஊதியம் தர மனமிருந்தும் ஆளில்லாத நிலை பல ஊர்களில் நிலவுகிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவுக்கான மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிற்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் உறவினர் மூலம் விசாரியுங்கள். ஆனால் குளிப்பாட்டுவதும் இரவுத் துணையும் அதில் அடங்கா என்பதால், ஒரே பெண்ணை ஓய்வின்றி நம்பியிராமல், உள்ளூர்ப் பெண்கள் இருவரை முறைமாற்றி அமர்த்தி, இங்கே இல்லப் பணிப்பெண்ணுக்கு அளிப்பதுபோல் வார ஓய்வையும் நியாயமான ஊதியத்தையும் உறுதிசெய்யுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஆலோசனைக்கு ஊரிலுள்ளவர்கள் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம்.