மேட்டில் பிளாட் போடுகிறார்கள், என்ன செய்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி: ஊருக்குப் பக்கத்தில் பழைய இடம் ஒன்று இருக்கிறது, அதில் யாரோ வியாபாரம் பண்ணப் போகிறார்கள், தடுக்க முடியுமா? சிலருக்கு நேர் எதிரான கவலை, தொல்லியல் துறை வந்தால் நம் நிலம் போய்விடுமோ என்று. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கே: டங்ஸ்டன் ஏலத்தை ரத்து செய்துவிட்டார்கள், இனி பயமில்லை என்கிறார்கள். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அரிட்டாபட்டி மலைகள் இனி பத்திரம்தானா? (மேலூர் வட்டம்)

நீங்கள் சந்தேகப்படுவது சரிதான். 2025 ஜனவரி 23 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ரத்து செய்தது, அரிட்டாபட்டியும் அடங்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியின் ஏலத்தை. அது மலைக்குக் கொடுத்த பாதுகாப்பு ஆகாது. கனிமம் அங்கேயேதான் கிடக்கிறது, முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசின் கையில் கொடுத்த 2023 சட்டத் திருத்தமும் அப்படியே இருக்கிறது.

மொத்தத் தொகுதி 2,015 ஹெக்டேர். அதில் 2022 நவம்பரில் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது சுமார் 193 ஹெக்டேர்தான், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு "அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மறுபடி பார்க்கலாம்" என்று இறங்கி வந்தபோது மேலூர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, முழு ரத்துதான் வேண்டும் என்று நின்றார்கள். அது வீம்பு இல்லை. கழிஞ்சமலைக் குகையின் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தும், வட்டெழுத்தோடு இருக்கிற சமணத் தீர்த்தங்கரர் சிற்பமும், பாண்டியர் காலக் குடைவரையில் உட்கார்ந்திருக்கும் சிவ வடிவமான லகுலீசரும் தனித்தனிப் பொருட்களாக மியூசியத்தில் இருப்பவை அல்ல. சுனை, கண்மாய், பாறை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த இடம். சுற்றிலும் வெடி வைத்துவிட்டு நடுவில் கல்வெட்டுக்கு வேலி போடுவதால் யாருக்கு என்ன லாபம்?

இப்போது செய்ய வேண்டியது, கிராம சபையில் இன்னொரு தீர்மானம். "எங்கள் மலைகளைக் காக்க வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் பாறை, எந்தச் சுனை, எந்தப் புல எண், அங்கே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதி, அவற்றைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த வரைபடத்தைத் தயாரிக்கிறவர் மேசையில் இருக்கப் போவது புல எண்தான்.

கே: ஊருக்கு மேற்கே நத்தமேடு என்று ஒரு மேடு. மழை பெய்தால் கருப்பு சிவப்புப் பானை ஓடு, சங்கு வளையல் துண்டு எல்லாம் வெளியே வரும். போன மாதம் கல் நட்டு, கொடி கட்டி, பிளாட் விற்கிறார்கள். கேட்டால் "எல்லா அப்ரூவலும் இருக்கு" என்கிறார்கள். பழைய இடத்தில் எப்படி அனுமதி கொடுத்தார்கள்? (ஈரோடு மாவட்டம்)

அது பழைய இடம் என்று அனுமதி கொடுத்தவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அவர் பார்ப்பது பட்டா, வில்லங்கம், சாலை அகலம், திறந்தவெளி ஒதுக்கீடு. மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் மனைப்பிரிவு போட வேண்டும் என்று பொதுவான கட்டாயம் நம்மிடம் இல்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டடம் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதிப் படிவத்தில் பாரம்பரிய இடங்களைப் பற்றி ஒரு கேள்வி வரும். அங்கேயும் ஏற்கெனவே பாதுகாக்கப்பட்ட இடங்களைத்தான் கேட்கிறார்கள். உங்கள் மேடு எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால், சட்டத்தின் கண்ணுக்கு அது வெறும் மேடு.

சரி, ஆத்திரப்படாமல் இதைச் செய்யுங்கள். முதலில் படம். ஓட்டின் பக்கத்தில் ஒரு அளவுகோலோ பேனாவோ வைத்து எடுங்கள், போனில் லொக்கேஷன் ஆன் ஆகியிருக்கட்டும். பொக்லைன் வெட்டிய பள்ளம் இருந்தால் அதன் பக்கச்சுவரை நேராக நின்று எடுங்கள். சாம்பல் அடுக்கு, ஓட்டு அடுக்கு, உறைகிணற்றின் சுடுமண் வளையம் தெரிந்தால் நூறு உதிரி ஓடுகளைவிட அந்த ஒரு படம் அதிகம் பேசும். நீங்களாகக் குழிக்குள் இறங்கித் தோண்டவே தோண்டாதீர்கள். அடுத்து விஏஓவிடம் அந்தப் புல எண்ணின் பழைய வகைப்பாடு என்ன என்று பாருங்கள். பழைய பதிவேட்டில் பாழ்நத்தம் என்று இருந்தால், அங்கே முன்பு ஊர் இருந்து அழிந்தது என்பதை வருவாய்த் துறையே எழுதி வைத்திருக்கிறது, உங்கள் மனுவுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

பிறகு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு, அதே மனு சென்னையில் மாநிலத் தொல்லியல் துறைக்குப் பதிவுத் தபாலில். கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: துறை வந்து கள ஆய்வு செய்து முடிக்கும்வரை மண் வேலையை நிறுத்தி வைக்க வேண்டும். "திட்டத்தையே ரத்து செய்" என்று ஆரம்பித்தால் மனு ஃபைலில் தூங்கும், "பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றால் யாராவது ஒருவர் பதில் எழுதியாக வேண்டும். கூடவே 10 ரூபாய் செலவில் ஆர்டிஐ போட்டு மனைப்பிரிவு உத்தரவின் நகலைக் கேளுங்கள். எதுவும் நகரவில்லை என்றால் உயர் நீதிமன்றம் இருக்கிறது, அங்கே போகும்போது இந்தக் காகிதங்கள்தான் உங்கள் வழக்கு.

பிளாட் வாங்க முன்பணம் கொடுத்தவர்களும் உங்கள் ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள். அவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், இல்லையென்றால் சண்டை ஊருக்குள் வந்துவிடும்.

கே: எங்கள் வீடு 1975இல் கட்டியது. தொல்லியல் சின்னத்திலிருந்து 80 மீட்டர் தூரம். இடித்துவிட்டு இரண்டு மாடி கட்டி, மேலே விருந்தினர் அறை விடலாம் என்று திட்டம். பெரிய ஓட்டல்களுக்கு மட்டும் அனுமதி எப்படிக் கிடைக்கிறது? (மாமல்லபுரம்)

தயவு செய்து இடிக்காதீர்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் முதல் 100 மீட்டரில் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கிக் கட்டலாம். தடைப் பகுதிக்குள் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீடு என்றால், பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. வீட்டை இடித்துத் தரைமட்டம் ஆக்கிவிட்டால் எதைப் பழுது பார்ப்பீர்கள்? அந்த உரிமையும் போய்விடும். அனுமதி இல்லாமல் கட்டினால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

தூரத்தைக் கோயில் சுவரிலிருந்து அளக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து அளக்க வேண்டும். உங்கள் 80 எதிலிருந்து என்று பாருங்கள், உண்மையில் இன்னும் குறைவாக இருக்கலாம். ஓட்டல் விஷயத்தில் உங்கள் எரிச்சல் நியாயமானது, ஆனால் ஊகத்தை வைத்துக்கொண்டு பேசாமல் அவர்களின் தடையின்மைச் சான்று நகலை ஆர்டிஐயில் கேளுங்கள். சான்று இல்லை என்று பதில் வந்தால் பிறகு நீங்கள் பேசுகிற பேச்சே வேறு.

கே: கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் எனக்குத் தென்னந்தோப்பு. முதுமக்கள் தாழி கிடைத்தால் அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளுமா? அதனால்தான் யாரும் வாய் திறப்பதில்லை. (திருப்புவனம் வட்டம்)

கடைசி வரியை நீங்கள் எழுதியதற்கு நன்றி, பல ஊர்களில் நடப்பது அதுதான்.

அகழாய்வு வேறு, பாதுகாப்பு அறிவிப்பு வேறு, நில எடுப்பு வேறு. கீழடியில் குழிகள் பெரும்பாலும் தனியார் தோப்புகளில்தான் போடப்பட்டன. உரிமையாளர் சம்மதத்தோடு தோண்டி, பதிவு செய்து, பலவற்றை மூடித் திருப்பிக் கொடுத்தார்கள். பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்தால் பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் கட்டடம் கட்டவும் மண் அள்ளவும் அனுமதி வேண்டும். மத்தியச் சட்டத்தில் அறிவிப்பு வந்த இரண்டு மாதத்துக்குள் ஆட்சேபம் சொல்லலாம், விவசாயமும் செய்யலாம், ஒரு அடி ஆழத்துக்கு மேல் தோண்டாமல். தென்னங்கன்று நட அது போதாது என்பது உங்களுக்கே தெரியும், அதை ஆட்சேபத்தில் எழுதி இழப்பீடு கேளுங்கள். மாநில அறிவிப்பு என்றால் 1966ஆம் ஆண்டுச் சட்டம், அலுவலகமும் வேறு.

கே: வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டும்போது ஒரு செம்புக்குள் பழைய காசு கிடைத்தது. சொல்லாமல் விட்டால்? (பெயர், ஊர் வேண்டாம்)

சொல்லிவிடுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் என்றாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் உங்கள் பங்கும் போய் ஒரு வருடம் வரை சிறையும் வரலாம். அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தாசில்தார் மகஜர் (கைப்பற்றியவற்றின் பதிவு) எழுதும்போது காசுகளை எண்ணி எழுதச் சொல்லி, நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: இப்படியே போனால் எங்கேயும் ஒரு கடைகூடக் கட்ட முடியாதே? (சென்னை)

கட்டலாம். முதலில் பார்த்துவிட்டுக் கட்டலாம் என்றுதான் சொல்கிறேன். இரண்டு மாத ஆய்வால் திவாலாகும் திட்டம் அதற்கு முன்பே திவால்தான்.

கே: பிள்ளைகள் மேட்டில் பொறுக்கிய ஓடுகள் ஒரு பை இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா? (தருமபுரி)

இனிமேல் பொறுக்க வேண்டாம், கிடக்கும் இடத்திலேயே படம் எடுக்கச் சொல்லுங்கள். பையில் இருப்பவற்றைக் கழுவித் தேய்க்காமல், எந்த மேடு, எந்தப் பக்கம், எப்போது எடுத்தது என்று சீட்டு எழுதிப் பள்ளியில் தொன்மை மன்றம் இருந்தால் அந்த ஆசிரியரிடம் கொடுங்கள். கீறல் குறியீடு இருக்கிற ஓடுகளைத் தனியாகக் கட்டுங்கள், அவற்றைத் துறையில் முதலில் கேட்பார்கள்.