பிரஷர் குளிசையும் தலைச்சுற்றும்

தம்பி, பிரசோசின் என்ற பிரஷர் குளிசை தொடங்கிய அன்றே சாமத்தில் எழும்பிய அப்பா கிணற்றடியில் சரிந்துவிட்டார், குளிசை பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழையில்லை, தன் வேலையைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்திருக்கிறது.

நாம் எழும்பும்போது இரத்தம் காலுக்கு இறங்கும். உடனே, தானாக இயங்கும் பரிவு நரம்புகள் நோரட்ரினலின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும். அது இரத்தக்குழாய்ச் சுவரில் அதை வாங்கிக்கொள்ளும் இடங்களான ஆல்ஃபா-1 ஏற்பிகளில் பட்டதும் குழாய் இறுகும். பிரசோசின் அந்த ஏற்பிகளை மறித்துவிடுகிறது, அழுத்தம் விழுகிறது. முதல் வேளையில்தான் இது கடுமை. அதனால்தான் 0.5 மில்லிகிராமில், படுக்கப்போகும் நேரத்தில் தொடங்குவார்கள். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புரஸ்டேட் சுரப்பியிலும் இதே ஏற்பிகள்தான். சலம் போவதற்கென்று, இதே ஏற்பிகளை மறிக்கும் டாம்சுலோசின் குளிசையும் எடுக்கிறார் என்றால் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். நல்லூர் விரதமென்று தண்ணீர் குடியாமல் வெயிலில் நிற்பதும் இப்போதைக்கு வேண்டாம்.

விழுந்ததை இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம். இரவில் எழும்பினால் கட்டில் விளிம்பில் சற்று இருந்துவிட்டு நடக்கட்டும்.