பயணப்பெட்டி விதிகளால் உங்கள் விமானப் பயணம் தாமதமானதுண்டா?

உண்டு. என் பெட்டி ஒன்றினால் ஒரு விமானமே ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது.

பட்டுக்கோட்டை அருகே எங்களுக்குச் சிறிய தென்னந்தோப்பு உண்டு. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் மரங்களில் பெரும்பாலானவை சாய்ந்துவிட்டன. மறு ஆண்டு நட்ட கன்றுகள் காய்ப்புக்கு வந்ததும், அவற்றின் முதல் காய்களை என் மனைவி முற்றத்தில் உலர்த்திக் கொப்பரையாக்கி, சிங்கப்பூரில் மகள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் புறப்பட்டபோது பெட்டியில் வைத்தார்.

கவுண்டரில் எடை பார்த்தார்கள். கொண்டுபோகக்கூடாத பொருள்களை ஆங்கிலத்தில் அச்சிட்ட ஓர் அட்டையைக் காட்டி, இவற்றில் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று கேட்டதோடு சரி. குடியேற்றச் சோதனையும் முடிந்து விமானம் ஏறக் காத்திருந்த வேளையில் என் பெயரை அறிவித்தார்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த கொப்பரை தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால், அதைக் கைப்பையிலும் கொண்டுபோகக்கூடாது, விமானத்தின் அடியில் ஏற்றும் பெட்டியிலும் வைக்கக்கூடாது. இது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெட்டியைத் திறக்கும்போது விமான நிறுவன ஊழியர் உடனிருக்க வேண்டும் என்றார் பாதுகாப்பு அலுவலர். ஊழியரோ பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் வந்த பின்னர், குடியேற்றச் சோதனையைக் கடந்துவிட்ட என்னைத் திரும்ப அழைத்துச் செல்ல வேறோர் அலுவலரின் கையொப்பம் வேண்டியிருந்தது. கொப்பரையை வெளியே எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மற்ற நேரமெல்லாம் ஆட்களுக்கும் கையொப்பத்துக்கும் காத்திருந்ததில் கழிந்தது.

என்னை விட்டுவிட்டு விமானம் போயிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். பயணி ஏறாவிட்டால் அவருடைய பெட்டிகளையும் தேடி இறக்கியாக வேண்டும். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் கடலின்மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். அந்தக் குண்டு இருந்த பெட்டியை ஒப்படைத்தவர் விமானத்தில் ஏறவே இல்லை. அதை அறிந்தவர் எவரும் இந்த விதியைக் குறை சொல்ல மாட்டார், நானும் சொல்லவில்லை. தீப்பற்றும் பொருளைத் தடுத்ததும் சரியே. ஆனால், பயணச்சீட்டு வாங்கும்போதே தமிழில் ஒரு வரி சொல்லியிருந்தால் கொப்பரை எங்கள் வீட்டைவிட்டே கிளம்பியிருக்காது என்பதுதான் என் வருத்தம். டெல்டாவிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோரில் எத்தனை பேர் அந்த ஆங்கில அட்டையைப் படித்துப் புரிந்துகொள்வார்கள்?

ஆகவே, புறப்படுகிறவர்களுக்குச் சில சொற்கள். பூசைப் பொருள்களோடு கற்பூரத்தை வைக்காதீர்கள். அதுவும் தீப்பற்றும் பொருளே. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அது பெட்டிக்குள் இருந்தால் என்னைப் போலவே உங்களையும் திரும்ப அழைப்பார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் பெட்டி வரவில்லையென்றால், அந்தக் கூடத்தைவிட்டு வெளியேறும் முன்பே எழுத்துமூலம் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி சேதமடைந்திருந்தால் 7 நாள்களுக்குள் எழுதித் தர வேண்டும் என்பது சர்வதேசப் பயணங்களுக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் விதி.

வீட்டில் எஞ்சியிருந்த கொப்பரையைச் செக்கில் கொடுத்து எண்ணெயாக ஆட்டினோம். அடுத்த பயணத்துக்கு ஒரு வாரம் முன்னரே விமான நிறுவனத்தைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டு, அந்த எண்ணெயை மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.