திருட்டுப்போன பொதுப்பணம்: கேள்வி பதில்

கேள்வி: ஊழல் தலைவரின் வெளிநாட்டுக் கணக்கை முடக்கிவிட்டால் பணம் கைக்கு வந்த மாதிரிதானே?

பதில்: இல்லை. முடக்கம் வேறு, மீட்பு வேறு. 2011இல் எகிப்து அதிபர் முபாரக் பதவி விலகிய அன்றே அவர் தரப்புச் சொத்துகளை சுவிட்சர்லாந்து முடக்கியது. சுமார் 70 கோடி சுவிஸ் பிராங்க். 2022இல் போதிய ஆதாரம் இல்லையென்று விசாரணையை மூடி, மிச்சமிருந்த 40 கோடியையும் விடுவித்துவிட்டார்கள்.

பிலிப்பைன்ஸ் ஜெயித்தது. அதிபர் மார்கோஸ் தப்பியோடிய 1986இலேயே சுவிஸ் கணக்குகள் முடங்கின. ஆனால் பணத்தைப் பெற்றுத் தந்தது உள்நாட்டுச் சட்டம்தான். சம்பளத்துக்குப் பொருந்தாத சொத்து முறைகேடாக வந்தது என்றே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது சொத்துக்காரர் பொறுப்பு. மார்கோஸ், அவர் மனைவி இருவரின் சட்டப்படியான வருமானத்தையும் நீதிமன்றம் கூட்டிப் பார்த்தது: சுமார் 3,04,000 டாலர். கணக்குகளில் இருந்ததோ 65.8 கோடி டாலர்! 2003இல் பறிமுதல் உறுதியானது. பதினேழு வருடம்.

கேள்வி: பணத்தைக் கேட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் கோரிக்கைக் கடிதங்கள் ஏன் திருப்பி அனுப்பப்படுகின்றன?

பதில்: ‘இன்னார் ஊழல் செய்தார், அவர் பணம் முழுவதையும் கொடுங்கள்’ என்று எழுதினால் வேறென்ன நடக்கும்? எந்த ஒப்பந்தம், எந்தத் தேதி, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, நடுவில் எந்தப் பினாமி கம்பெனி என்று படிப்படியாகக் காட்ட வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறினால், அதையும் விளக்க வேண்டும்.

கேள்வி: வெளிநாட்டில் வேலை பார்த்த பணத்துக்கு வரி உண்டா?

பதில்: வரி ஆலோசகரைக் கேளுங்கள்.

கேள்வி: ஆள் செத்துவிட்டால்?

பதில்: தண்டனை இல்லாமலும் பறிமுதல் செய்யலாம். ஐ.நா. ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கையின் 54ஆம் பிரிவு அதற்கு வழிகாட்டுகிறது. நைஜீரியாவின் ராணுவ ஆட்சியாளர் அபாச்சா 1998இல் இறந்தார். நைஜீரியாவுக்குப் பணம் அதற்கப்புறமும் வந்தது.

கேள்வி: முடக்கிய பணம் எப்போது கஜானாவில் சேரும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். முடக்கம் வேறு, மீட்பு வேறு.

கேள்வி: அபாச்சா பணத்தில் 32 கோடி டாலரைக் கொடுக்கும்போது சுவிட்சர்லாந்து நிபந்தனை போட்டதே, அது அவமானம் இல்லையா? பொதுப்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றுதானே அந்த ஐ.நா. உடன்படிக்கையின் 57ஆம் பிரிவு சொல்கிறது?

பதில்: சொல்கிறது. அதே பிரிவு, வழக்குக்கு வழக்கு தனி ஏற்பாடு செய்துகொள்ளவும் இடம் தருகிறது. 2017இல் போட்டது அப்படி ஒரு ஒப்பந்தம்: பணம் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடி உதவியாகப் போகும், உலக வங்கி கண்காணிக்கும். நைஜீரியாவும் கையெழுத்திட்டது.

கேள்வி: (அதே நண்பர்) இத்தனை வருடம் அந்தப் பணத்தை வைத்துச் சம்பாதித்த நாடு நமக்குப் பாடம் எடுப்பதா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அந்தப் பணத்தைக் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்த வங்கிகள் மீது எனக்கும் கோபம் உண்டு. ஆனால் திரும்பி வந்த பணம் மறுபடி களவு போனால் இழப்பு அதே மக்களுக்குத்தான். நிபந்தனையை வெளிநாடு போடுவது பிடிக்கவில்லையென்றால் உள்நாட்டுச் சட்டமன்றமே போடலாமே. பிலிப்பைன்ஸ் 2013இல் அதைத்தான் செய்தது: சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பணத்தில் 1,000 கோடி பெசோவை, மார்கோஸ் ஆட்சியில் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கும் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் இழப்பீடாகச் சட்டம் போட்டு ஒதுக்கியது.