லூசிட்டானியா மூழ்கியது, அமெரிக்கா சேர்ந்தது: அவ்வளவுதானா?

கேள்வி: பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். “லூசிட்டானியாவை ஜெர்மனி மூழ்கடித்தது, அதனால் அமெரிக்கா முதல் உலகப் போரில் சேர்ந்தது” என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஒரே பீரியடில் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: நிறையவே செய்யலாம், டீச்சர். போர்டில் இரண்டு தேதிகளை மட்டும் எழுதுங்கள். 1915 மே 7, லூசிட்டானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் மூழ்கிய நாள். 1917 ஏப்ரல் 6, அமெரிக்கா போரில் இறங்கிய நாள். எழுதிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். “நடுவில் 23 மாதம் என்ன பண்ணினார்கள் சார்?” என்று கடைசி பெஞ்சிலிருந்துதான் வரும் கேள்வி. என் வகுப்புகளில் அப்படித்தான் வந்தது.

லூசிட்டானியாவில் கிட்டத்தட்ட 1,200 பேர் இறந்தார்கள். அதில் 128 பேர் அமெரிக்கர்கள். மூன்றே நாளில் அதிபர் வில்சன், சண்டைக்கு இறங்காத பெருமிதம் என்றும் ஒன்று உண்டு என்று பேசினார். இதைச் சொல்லிவிட்டு, “நீங்கள் அமெரிக்க எம்.பி., போருக்குப் போகலாமா?” என்று கை தூக்கச் சொல்லுங்கள். அப்புறம் நடுவில் நடந்தவற்றை ஒவ்வொரு தேதியாகத் திறந்து மறுபடி கை எண்ணுங்கள். பின்னால் நடந்ததை முன்கூட்டிச் சொல்லவே கூடாது.

பாதி பீரியடை ஜிம்மர்மன் தந்திக்கே கொடுத்துவிடுவேன். 1917 ஜனவரியில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஜிம்மர்மன் மெக்சிகோவிலிருந்த தன் தூதருக்குச் சங்கேத எண்களில் அனுப்பியது. அமெரிக்காவோடு போர் மூண்டால் மெக்சிகோ எங்களோடு சேரட்டும், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவைத் திரும்பப் பிடித்துக்கொள்ளட்டும் என்பது சாரம். வேடிக்கை என்னவென்றால், மெக்சிகோ போகும் வழியில், அமெரிக்க அரசின் சொந்தத் தந்தி வழியிலேயே அது வாஷிங்டன் வரை போனது! 5454, 16102, 15217, 22801 என்று போர்டில் எழுதுங்கள். அரிசோனாவுக்குத் தனி எண் இல்லாததால் ‘அரிசோனா’வை நாலு துண்டாக்கி அனுப்பிய எண்கள் அவை. பிரிட்டிஷார் இடைமறித்துப் படித்து அமெரிக்காவிடம் கொடுத்தார்கள். மார்ச் 1 அன்று பத்திரிகைகளில் வந்தது. பிரிட்டனின் புளுகு என்றே பலர் நினைத்தார்கள். மார்ச் 3 அன்று ஜிம்மர்மனே, ஆமாம், நான் அனுப்பியதுதான் என்று ஒப்புக்கொண்டார். அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு ரெண்டுபடும்.

கடனை மறந்துவிடாதீர்கள். 1917க்குள் நேச நாடுகளுக்கு அமெரிக்க வங்கிகள் கொடுத்தது 200 கோடி டாலருக்கும் மேல். ஜெர்மனிக்குக் கொடுத்தது அதோடு ஒப்பிட்டால் சொற்பம். தங்கத்தின் கட்டளைக்குப் பணிந்துதான் போருக்குப் போகிறோம் என்று செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் சபையிலேயே சாடினார். கடன் ஒன்றே காரணம் என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் பாடம் நொண்டும்.

கேள்வி: “போரிலிருந்து நம்மைக் காத்தவர்” என்று ஓட்டுக் கேட்டு ஜெயித்த வில்சன் ஐந்தே மாதத்தில் போருக்குப் போனாரே, மோசடிதானே?
– ஒரு கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: அவசரப்படாதீர்கள், தம்பி. தேர்தல் நடந்தது 1916 நவம்பரில். எந்தக் கப்பலானாலும் எச்சரிக்கையின்றித் தாக்குவது என்று ஜெர்மனி முடிவெடுத்ததே 1917 ஜனவரி 9 அன்றுதான். மார்ச்சில் அமெரிக்கக் கப்பல்கள் வரிசையாக மூழ்கின. அப்போதும் எல்லோரும் தலையாட்டிவிடவில்லை: போர்த் தீர்மானத்துக்கு மேலவையான செனட்டில் 82க்கு 6, கீழவையில் 373க்கு 50. அந்த 50 பேரில் ஒருவர் மொன்டானாவின் ஜெனட் ராங்கின், அமெரிக்க நாடாளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர். 1941 டிசம்பரில், பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு மறுநாள், ஜப்பான் மீதான போருக்கும் வேண்டாம் என்றே ஓட்டுப் போட்டார். 388க்கு 1. அந்த 1 அவர்தான்.