சாயத்தண்ணி, ரொட்டி, பருப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை கேள்விகள் பெரும்பாலும் தோட்டங்களிலிருந்து வந்திருக்கின்றன. எதைச் சாப்பிடலாம் என்று கேட்டவர்களே அதிகம். சாப்பிட்டது உடம்பில் சேருகிறதா என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவருடைய கேள்வியை முதலில் எடுக்கிறேன். பதில் கொஞ்சம் நீளம்தான், ஆனால் மற்றவர்களுக்கும் அதில் விஷயம் இருக்கிறது.

பொகவந்தலாவையில் கொழுந்து எடுக்கிறேன். ஈமோகுளோபின் 9.8 என்று கிளினிக்கில் சொன்னார்கள். கீரை நிறையச் சாப்பிடுகிறேன், இரும்புச்சத்து மாத்திரையும் போடுகிறேன். இரண்டு மாதமாகியும் ஏறவில்லை. மலம் வேறு கறுப்பாகப் போகிறது. பயமாக இருக்கிறது.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். மாத்திரையில் உள்ள இரும்பு முழுவதையும் குடல் எடுத்துக்கொள்வதில்லை. மிச்சம் மலத்தோடு போகும்போது கறுப்பாகத் தெரியும். அதில் ஆபத்தில்லை. ஆனால் தார் போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு போனால், அல்லது தலைசுற்றலும் சேர்ந்து வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது வயிற்றுக்குள் இரத்தம் கசிவதாக இருக்கலாம்.

சரி, ஏன் ஏறவில்லை? கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் குருதிச்சோகை என்று கணக்கு. உங்களுடையது நடுத்தரமான குறைவு, திருத்தக்கூடியது. நான் உங்களிடம் கேட்க நினைப்பது இதுதான்: ரொட்டி சாப்பிட்ட கையோடு என்ன குடிக்கிறீர்கள்? மாத்திரையை எதோடு விழுங்குகிறீர்கள்? இரண்டுக்கும் பதில் சாயத்தண்ணி (பால் ஊற்றாத தேத்தண்ணி) என்றால், காரணத்தில் பாதி அங்கேயே இருக்கிறது.

இரும்பு பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில், முன்சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. இறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றில் உள்ள இரும்பில் ஒரு பகுதி இரத்தத்தில் இருக்கும் அதே வடிவத்தில் இருப்பதால் சுலபமாக உள்ளே போய்விடும். கீரை, பருப்பு, மாவு ஆகியவற்றில் உள்ள இரும்பு அப்படியல்ல. அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலே நல்லது. அந்த நேரத்தில் குடலில் தேயிலைச் சாயம் இருந்தால், அதிலுள்ள பொலிபீனோல்கள் இரும்பைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடும். கரையாததைக் குடற்சுவர் உறிஞ்சாது. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பை தேத்தண்ணி, உள்ளே போகவேண்டிய இரும்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடக்கூடும். பால் ஊற்றிக் குடித்தால் தப்பலாமா என்றால், அதுவும் இல்லை. பாலிலுள்ள கல்சியமும் இரும்புக்குக் குறுக்கே நிற்கும்.

தேயிலை மலையில் இருப்பவரிடம் தேத்தண்ணியை விடச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. நேரத்தை மாற்றினால் போதும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழியட்டும், அப்புறம் குடியுங்கள். மாத்திரைக்குத் தண்ணீர் போதும். அதோடு ஒரு துண்டு கொய்யாவோ, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியோ சேர்ந்தால் இன்னும் நல்லது. விட்டமின் சி, இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விட்டமின் சி இருக்கிறது. தோடம்பழத்தில் அதில் நாலில் ஒரு பங்குதான். கடையில் தோடம்பழத்துக்குக் காசைக் கொட்டிவிட்டு, லயத்துக்குப் பின்னால் பழுத்து விழும் கொய்யாவை அணிலுக்கு விடுகிறோம். கீரைக் கறியில் கொஞ்சம் நெத்தலி சேர்த்தாலும் கீரையின் இரும்பு கூடுதலாகச் சேரும். கல்சியம் மாத்திரையும் தந்திருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். ஒன்று காலை, ஒன்று இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மலையில் செருப்பில்லாமல் நிற்பீர்களா? கொக்கிப்புழுவின் குடம்பி, அதாவது இளம்புழு, ஈரமண்ணிலிருந்து பாதத்தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, கடைசியில் சிறுகுடலில் கடித்துத் தொங்கும். ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது ஒரு துளிக்கும் குறைவாக இருக்கலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் நீங்கள் எவ்வளவு கீரை தின்றாலும் ஈடுகட்ட முடியாது. பூச்சி மாத்திரை எப்போது போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள்.

சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதனால் இரத்தம் ஏறினாலும் மாத்திரையை உடனே நிறுத்தவேண்டாம். கையிருப்பு நிறைய இன்னும் மூன்று மாதமாவது வேண்டும். நேரத்தை மாற்றியும், பூச்சி மாத்திரை போட்டும் எண் அசையவில்லை என்றால் மாதப்போக்கு அதிகமா, தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாடு இருக்கிறதா என்று டொக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள். தலசீமியாவில் இரத்தம் குறைவது இரும்பு இல்லாததால் அல்ல. சோதிக்காமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவது நல்லதல்ல.

கொழும்பில் இருபது நிமிடத்தில் வேகிற பருப்பு நுவரெலியாவில் வேகமாட்டேன் என்கிறது. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது. பருப்பு பழசா?

பருப்பு மேல் பழி போடாதீர்கள், உயரம்தான் காரணம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறக்குறைய ஒரு பாகை இறங்கும். அங்கே உங்கள் பானைத் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே தளதளவென்று கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடேறாது, விறகுதான் வீண். பிரஷர் குக்கர் இருந்தால் பிரச்சினையே இல்லை. உள்ளே 110 பாகைக்கு மேல் போய்விடும். இல்லாவிட்டால் இரவே ஊறவையுங்கள்.

வயிறு ஊதுவதற்கு வருகிறேன். பருப்பு, பயறு, கடலை எல்லாவற்றிலும் ராஃபினோஸ் போன்ற சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதியம் நம் சிறுகுடலில் இல்லை. உடையாமல் பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள பக்டீரியாக்கள் நொதிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன. சரியாக வேகாத மாப்பொருளும் அதோடு சேர்ந்தால் இன்னும் மோசம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவித்தால் அந்தச் சர்க்கரைகளில் ஒரு பங்கு குறையும். சீக்கிரம் வேக அப்பச்சோடா போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. வேகும், உண்மைதான். ஆனால் அது விட்டமின் பி1ஐ அழித்துவிடும். வேண்டாம்.

காலையில் ரொட்டி சாப்பிட்டால் மத்தியானம் வரை தாங்குகிறது. சோறு என்றால் பத்து மணிக்கே பசி. ரொட்டியில் சத்து அதிகமா? (மஸ்கெலியா)

தாங்குவதையும் சத்தையும் ஒன்றாக்கக்கூடாது தம்பி. அவித்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ரொட்டியில் தண்ணீர் மிகக் குறைவு, தேங்காய்ப்பூ வேறு. கையளவு ரொட்டியில் இருக்கும் சக்தி அதே எடைச் சோற்றில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். அதோடு தேங்காயில் உள்ள கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும், அங்கிருந்து இரைப்பைக்கு "மெதுவாக அனுப்பு" என்று ஹோர்மோன் மூலம் செய்தி போகும். இரைப்பை கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறக்கும். பசி தள்ளிப்போகிறது.

இதை முதலில் கண்ணால் பார்த்த மனிதரின் கதை விசித்திரமானது. 1822இல் அமெரிக்காவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்ற இளைஞனுக்கு வயிற்றில் துப்பாக்கிக் காயம். உயிர் பிழைத்தான், ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவே இல்லை. வைத்தியம் பார்த்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட், உணவுத் துண்டுகளைப் பட்டுநூலில் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே விட்டு, வெளியே இழுத்துப் பார்த்துப் பார்த்து எழுதினார். 1833இல் அது நூலாக வந்தது. கொழுப்பு மெதுவாகச் செமிக்கும், கோபத்தில் இருக்கும்போது செமிபாடு கெடும் என்றெல்லாம் அதில் குறித்திருக்கிறார். அந்த இளைஞனுக்கு இது பிடிக்கவே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஏழைக் கூலியாளாக இருந்ததால்தான் சம்மதிக்க வேண்டியிருந்தது.

உங்கள் ரொட்டிக்கு வருவோம். வெள்ளைக் கோதுமை மாவில் நார்ச்சத்து குறைவு. புரதம் 100 கிராமுக்குப் பத்து கிராம் அளவில் உண்டு, ஆனால் லைசின் என்ற அமினோ அமிலம் அதில் போதாது. பருப்பில் லைசின் நிறைய. ரொட்டியும் கட்டச்சம்பலும் மட்டும் என்றால் வயிறு நிறையும், தசைக்கு வேண்டியது கிடைக்காது. ஒரு கரண்டி பருப்பு சேர்ந்தால் அந்தக் குறை தீரும்.

சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் இரைப்பை அமிலம் நீர்த்துப்போய்ச் செமிக்காதா?

செமிக்கும். இரைப்பை தேவைக்கேற்ப அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். தாராளமாகக் குடியுங்கள். தேத்தண்ணி பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

கொய்யா விதை குடல்வாலில் போய் அடைத்துக்கொள்ளும் என்று அம்மாயி திட்டுகிறார்.

அப்படி நடப்பது மிக மிக அரிது. விதைகள் முழுசாக வெளியே வந்துவிடும். பிஞ்சுக் கொய்யாவை அளவுக்கு மீறித் தின்றால் மலச்சிக்கல் வரும், அம்மாயி அதைச் சொல்லித் திட்டினால் நியாயம்.

வீட்டில் மாடு இருக்கிறது. சின்ன வயதில் பால் குடித்தேன், ஒன்றும் செய்யவில்லை. ஐம்பதுக்குப் பிறகு ஒரு கிளாஸ் குடித்தாலே வயிறு இரைந்து கழிகிறது. (பண்டாரவளை)

பாற்சர்க்கரையான லக்டோஸை உடைக்கும் நொதியம் லக்டேஸ். குழந்தைப் பருவத்தில் நிறைய இருக்கும், வளர வளரப் பலருக்கும் குறைந்துபோகும். உலகில் பெரியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இப்படித்தான், இதை நோயென்று நினைக்கவேண்டாம் ஐயா. அரைக் கிளாஸ், அதுவும் சாப்பாட்டோடு, குடித்துப் பாருங்கள். பலருக்கு அது ஒத்துக்கொள்ளும். தயிர் இன்னும் சுகம். அதிலுள்ள பக்டீரியா லக்டோஸில் கொஞ்சத்தைத் தானே தின்றுவிட்டிருக்கும். ஆனால் இரத்தம் போனாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ பாலைக் குற்றம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

எனக்கு "கேஸ்ட்ரைட்டிஸ்". காரம் சாப்பிடுவதால்தான் வந்தது என்கிறார்கள்.

காரம் எரிச்சலைக் கூட்டும், புண்ணைப் பெரும்பாலும் உண்டாக்குவதில்லை. இரைப்பைப் புண்ணுக்குப் பெரிய காரணம் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா. அவுஸ்திரேலிய மருத்துவர் பரி மார்ஷல் இதை நிரூபிக்க அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றழற்சியை வரவழைத்துக்கொண்டார். அவருக்கும் ரொபின் வொரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த காரணம் உடம்பு வலிக்கு அடிக்கடி போடும் வலிமாத்திரைகள். கூடை சுமந்து முதுகு வலித்தால் கடையில் வாங்கி வெறும் வயிற்றில் போடுகிறோமே, அவற்றில் பலவும் அந்த வகைதான். விடியற்காலையில் வெறும் வயிற்றில் கடும் சாயமும் சிலருக்கு எரிச்சல் தரும். இரண்டு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால் பரிசோதனை செய்யுங்கள். கிருமி இருந்தால் மருந்தால் ஒழித்துவிடலாம்.

ஒன்றரை வயதுப் பிள்ளை. எடை அட்டையில் கோடு ஏறவில்லை. சோறு ஊட்டினால் நாலு வாயோடு திரும்பிக்கொள்கிறாள். பசிக்கு போத்தலில் சாயத்தண்ணி கொடுத்து அனுப்புகிறோம். (கொட்டகலை)

முதல் வேலையாக அந்தப் போத்தலை நிறுத்துங்கள் அம்மா. அதில் சத்தும் இல்லை, இருக்கும் இரும்பையும் அது தடுக்கும், சீனி பல்லைக் கெடுக்கும். எட்டுக் கிலோ பிள்ளையின் வயிறு ஒரு தரத்துக்கு 240 மில்லிலீற்றர் அளவுதான் கொள்ளும். தண்ணீரால் நிரப்பிவிட்டால் சோற்றுக்கு இடம் எங்கே? அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு மூன்று நாலு வேளை கொடுங்கள், நடுவில் ஒன்றிரண்டு தரம் பழமோ தயிரோ. கஞ்சியாகக் கரைக்காமல் கரண்டியில் நிற்கும் பதத்துக்குப் பிசையுங்கள். ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயோ கெட்டித் தேங்காய்ப்பாலோ விட்டால், அளவு கூடாமலே சக்தி கூடும். முட்டை, மசித்த நெத்தலி, பருப்பு எல்லாம் கொடுக்கலாம். தாய்ப்பால் இருந்தால் இரண்டு வயது வரை தொடருங்கள்.

கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவை வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் பங்கு வைத்துவிடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றதுகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருத்திக்கு மட்டும் உருட்டிக் கொடுப்பது கஷ்டம்தான், புரிகிறது. ஆனால் அளவு அவளுக்காகக் கணக்கிட்டது. பெரியவர்கள் பள்ளிக்கூடம் போன பிறகு கொடுத்துப் பாருங்கள். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில்) விடுவதாக இருந்தால் அவளுடைய பங்கை அங்கேயே கொடுத்துவிட்டு, எத்தனை உருண்டை சாப்பிட்டாள் என்று மாலையில் கேளுங்கள். அடுத்த மாத நிறுவையிலும் கோடு அப்படியே கிடந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி டொக்டரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.