4 வயதுக்கு அலை பயம், 9 வயதுக்கு ஸ்நார்கெலிங் ஆசை

பையன் ஸ்நார்கெலிங் (மாஸ்க், மூச்சுக்குழாய் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) கேட்கிறான், பாப்பா அலையைக் கண்டாலே அழுகிறாள், தீவில் 5 நாளை எப்படி ஓட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். அலையை விடுங்கள், கடல் வற்றும் நேரத்தைக் கேட்டு வையுங்கள். பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வற்றும். பாறைக் குழியில் தேங்கும் தண்ணீரில் மீன்குஞ்சு, சங்குக்குள் குடியிருக்கும் நண்டு எல்லாம் இருக்கும்; பாப்பா நகரவே மாட்டாள். கூம்பு வடிவச் சங்கை மட்டும் தொட விடாதீர்கள், சிலவற்றின் விஷம் ஆளையே கொல்லும்.

பையன் முதலில் நீச்சல் குளத்தில் மாஸ்க் பழகட்டும். பிறகு அலையில்லாத ஆழமற்ற இடம், லைஃப் ஜாக்கெட், கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள். காற்றடைத்த கைப்பட்டை வெறும் பொம்மைதான்!

10 முதல் 4 வரை நிழல், தூக்கம். இரவில் டார்ச்சோடு மணல் நண்டு தேடுங்கள். எங்கள் பிள்ளைகள் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள். ஆமை முட்டையிடும் கரையென்றால் டார்ச் கூடாது.